உப்புத்தாளைக் கீழே வையுங்கள்



வாழ்வுச் சான்றிதழ் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகட்டும். அதைவிட அவசரமான ஒரு வழக்கு வந்துவிட்டது.

யூடியூபில் ஒரு வகைப் படம் ஓடுகிறது. பேரன் பார்க்கும்போது பின்னால் நின்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய ராணுவத் துப்பாக்கி, முழுக்கத் துரு. முகம் காட்டாத ஒரு ஆள், கையை மட்டும் காட்டி, அதைக் கழற்றுகிறார். இரும்பை ஆசிட்டில் போடுகிறார். சுழலும் பட்டையில் கொடுத்துத் தேய்க்கிறார். மரக்கட்டையை உப்புத்தாளால் இழைத்து வார்னிஷ் அடிக்கிறார். குழலுக்குப் புதுக் கறுப்பு ஏற்றுகிறார். இருபது நிமிஷத்தில் துப்பாக்கி கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கிறது. கீழே ஆஹா ஓஹோ என்று பாராட்டு மழை.

நான் சொல்கிறேன்: அது பழுதுபார்ப்பு அல்ல, அழிப்பு. அந்த ஆள் ஒரு பழைய துப்பாக்கியைக் காப்பாற்றவில்லை. அதைக் கொன்றுவிட்டு, அதன் எலும்பில் ஒரு பொம்மை செய்திருக்கிறார்.

துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஒரு ரிட்டையர்டு கம்மீசுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என் தங்கை மகன் பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறான். அவன் அப்பா நம்மூர் சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து, பென்ஷன் வாங்கி, அங்கேயே காலமானவர். பையனுக்குப் பழைய பொருள் பித்து. போன மாதம் ஒரு லெபெல் துப்பாக்கி வாங்கியிருக்கிறான். பிரான்சில் இதற்குத் தடையில்லை. 1900-ஆம் ஆண்டுக்கு முன் உருவான மாடல் என்றால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வயது வந்த எவரும் வைத்துக்கொள்ளலாம். லெபெல் 1886-ஆம் வருஷத்து மாடல். ஆக அவன் சட்டப்படிதான் வாங்கியிருக்கிறான், அதில் குறையில்லை. ஆனால் வாட்சப்பில் அனுப்பிய படத்தில் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே மூன்று தினுசு உப்புத்தாள், ஒரு டப்பா வார்னிஷ். கட்டையின் பின்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஏற்கெனவே வெளுத்திருந்தது.

உடனே போன் போட்டேன். "மாமா, அழுக்குதானே, புதுசு மாதிரி ஆக்குறேன்" என்றான். அவன் தேய்த்த இடம் எது தெரியுமா? கட்டையின் வலப்பக்கம். பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கிகளில் அந்த இடத்தில்தான் வட்டமாக ஒரு முத்திரை குத்தியிருக்கும். எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம் என்பது அதற்குள் இருக்கும். மரத்தில் அழுத்திக் குத்தியது. கத்தியால் செதுக்கியது போல ஆழம் இருக்காது. நூறு வருஷம் மழையும் சேறும் பார்த்தும் நின்ற முத்திரை, உப்புத்தாளுக்குப் பத்து நிமிஷம் தாங்காது.

நான் அரசாங்க அலுவலகத்தில் 38 வருஷம் பேரேட்டோடு குடித்தனம் நடத்தியவன். எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தந்த பாடம்: பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் சுரண்டாதே, வெள்ளை பூசாதே. குறுக்கே ஒரு கோடு போடு, கீழே உள்ளது படிக்கும்படி இருக்கட்டும், மேலே சரியானதை எழுதி ஓரத்தில் சுருக்கொப்பம் வை. சுரண்டிய பதிவேடு கோர்ட்டில் நிற்காது. பழைய ராணுவத் துப்பாக்கியும் ஒரு பதிவேடுதான். குழலில் எண், போல்ட்டில் எண், கட்டையில் எண். பரிசோதித்தவர்கள் ஒவ்வொருவரும் குத்திய சின்னச் சின்ன எழுத்துகள். இடையில் பட்டறைக்குப் போய் வந்ததற்கான அடையாளங்கள். ஒரு எண் மற்ற எண்களோடு ஒத்துப்போகாவிட்டால் அதுவும் செய்திதான்: எங்கோ ஒரு பட்டறையில் உடைந்த ஒன்றுக்கு வேறொன்றின் உறுப்பைப் போட்டிருக்கிறார்கள். எமரித் தாளால் தேய்த்து அதையெல்லாம் சமதளமாக்கிவிட்டால், உங்கள் கையில் மிஞ்சுவது நாலு கிலோ இரும்பும் மரமும்.

லெபெல் சாதாரணத் துப்பாக்கி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சு ரசாயனக்காரர் புகை அதிகம் கிளம்பாத வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். அதுவரை போர்க்களத்தில் ஒருவன் சுட்டால் வெண்புகை எழும்பி அவன் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். புதிய மருந்துக்கென்று ஒரு நாட்டுப் படை முதன்முதலாக ஏற்றுக்கொண்ட துப்பாக்கி இதுதான். பெயர் கர்னல் லெபெலுடையது என்றாலும் அவர் பங்கு முக்கியமாகத் தோட்டாவில்தான். 8 மில்லிமீட்டர் வாய், 1 மீட்டர் 30 சென்டிமீட்டர் நீளம், முனையில் மாட்டினால் ஊசி மாதிரி நீண்ட நாலுமுனைச் சனியன் ஒன்று. படையாட்கள் அதற்கு ரொசாலி என்று பெண் பெயர் வைத்திருந்தார்கள். சேந்த் எத்தியேன், ஷாத்தெல்ரோ, துல் என்று மூன்று அரசுத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் செய்தார்கள். 1914-இல் பிரெஞ்சுக் காலாட்படை இதைத் தூக்கிக்கொண்டுதான் போனது.

எங்கள் குடும்பத்திலிருந்தும் ஒருவர் போனார். தாத்தாவுக்கு மூத்தவர். அவர் உயிரோடு திரும்பினார், ஆனால் எதைப் பற்றியும் பேசியதில்லையாம். மிஞ்சியது அஞ்சலட்டை அளவில் ஒரு போட்டோ. அதில் அவர் பிடித்திருக்கும் துப்பாக்கி லெபெலா பெர்த்தியேயா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். பிறகு ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெர்த்தியேக்குக் கட்டை ஒரே துண்டு. லெபெலுக்கு இரண்டு துண்டு. முன்கட்டைக்கும் பின்கட்டைக்கும் நடுவே இரும்புப் பெட்டி வெளியே தெரியும். போட்டோவில் தெரிகிறது. லெபெல்தான். கடற்கரைச் சாலையில் 1938-இல் திறந்த போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அந்த இரும்புப் பெட்டிதான். மருமகன் வாங்கியது அவர் பிடித்த துப்பாக்கி என்று நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கில் ஒன்று. ஆனால் யாரோ ஒருவரின் தாத்தா பிடித்தது. கட்டையின் இடுப்பில், கை பிடிக்கும் இடத்தில், வழவழவென்று கறுத்திருக்கிறதே, அது அழுக்கு அல்ல. வியர்வை.

பாரிசில் பழம்பொருள் விற்கிறவர்களிடம் ஒரு பேச்சு வழக்கு உண்டு: தான் சோன் ழ்யூ. "தன் சாற்றிலேயே ஊறியது" என்று சொல்லலாம். கைவைக்காத பொருள் என்று அர்த்தம். அப்படிப்பட்டதற்குத்தான் அங்கே மதிப்பு. பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று நினைக்கிறவன் பணக் கணக்கிலும் தோற்கிறான். நம்மூரிலும் இந்தப் பாடத்தை விலை கொடுத்துப் படித்தோம். கும்பாபிஷேகத்துக்குக் கோயிலைச் சுத்தப்படுத்துகிறேன் என்று கல்லின் மேல் மணல் பீய்ச்சி அடித்தார்கள். சிற்பத்தின் மூக்கு மழுங்கியது, கல்வெட்டு எழுத்து மங்கியது. பிறகுதான் தடை வந்தது. ஆயிரம் வருஷத்துக் கல்லுக்கே அந்தக் கதி என்றால் நூறு வருஷத்து மரம் எம்மாத்திரம்?

சரி, அப்படியானால் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடலாமா? அப்படி ஒரு கோஷ்டியும் இருக்கிறது. "துருவும் சரித்திரம்தான், தொடாதே" என்பார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை. துரு சரித்திரம் அல்ல, கறையான். ஆவணக் காப்பகத்தில் கறையான் அரிக்கும் கட்டை "அதுவும் சரித்திரம்" என்று விட்டால் என்ன மிஞ்சும்? கறுத்து, கெட்டியாக, அசையாமல் படிந்திருக்கும் பழுப்பு வேறு. தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டும் துரு வேறு. முன்னது இரும்புக்குத் தோல். பின்னது நோய். நோயை நிறுத்த வேண்டும், தோலை உரிக்கக் கூடாது. இவ்வளவுதான் என் கட்சி.

எப்படி நிறுத்துவது? முதலில் எண்ணெய் போட்டு ஒரு நாள், இரண்டு நாள் ஊறவிட வேண்டும். பிறகு இரும்பைவிட மிருதுவான ஏதாவது ஒன்றால், பித்தளைத் துண்டோ பழைய செப்புக் காசோ போதும், மெல்லச் சுரண்டினால் செந்துரு மட்டும் கழன்று வரும், கீழே உள்ள கருமை நிற்கும். அதற்கும் மசியாவிட்டால் மிக மெல்லிய இரும்புப் பஞ்சை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் முரட்டுப் பஞ்சு கூடாது. மரத்திலிருந்து பிரிக்க முடிந்த சின்ன இரும்பு உறுப்பு என்றால் வெறும் தண்ணீரில் கொதிக்க வைப்பார்கள். செந்துரு கருந்துருவாக மாறும். கருந்துரு மேலும் அரிக்காது. பிறகு ஈரம் போக உலர்த்தி எண்ணெய். ஆசிட் வேண்டாம், சுழலும் பட்டை வேண்டாம். பொறுமை இருந்தால் போதும். ஓய்வு பெற்றவர்களிடம் அது நிறைய இருக்கிறது. அவன் வயதில் இல்லை.

குழலின் உள்பக்கம் பற்றி எங்கள் தெரு அவில்தார் சாருக்கும் எனக்கும் பெரிய விவாதம் நடந்தது. அவர் இந்தியப் படையில் இருந்தவர்; இளவயதில் .303 துப்பாக்கியைப் புல்-துரூ கயிற்றில் சிந்தித் துணி கட்டி இழுத்து இழுத்துக் கை காய்த்தவர். நான் மருமகனுக்கு "குழலைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவு" என்று சொன்னதைக் கேட்ட என் வீட்டுக்காரி, "இரும்புக்குத் தண்ணியா? இவருக்கு என்ன தெரியும்?" என்று அவரிடம் முறையிட்டாள். அவர் சிரித்துவிட்டு, "கம்மீஸ் ஐயா சொல்றது சரிதான், எங்க உஸ்தாதும் கொதி தண்ணிதான் ஊத்தச் சொல்வாரு" என்றார். காரணம் இது. அந்தக் காலத் தோட்டாவின் பின்னால் இருக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது ஒருவகை உப்பாகக் குழலுக்குள் படியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டுவரும். கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில் கரையும். உப்பின் மேல் எண்ணெய் பூசுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது போல. ஆகவே முதலில் சுடுநீர், பிறகு நன்றாக உலரவிட்டுத் துணி, கடைசியாக எண்ணெய். எங்கள் விவாதம் அங்கே முடியவில்லை. "அப்புறம் நல்லா மினுமினுன்னு பாலிஷ் போடணும், இல்லேன்னா பரேடுல நிக்க முடியுமா?" என்றார். பரேடுக்குப் போகும் துப்பாக்கிக்கு அது சரி ஐயா. இது ரிட்டையர் ஆன துப்பாக்கி. இதற்குப் பரேடு கிடையாது.

இன்னொன்று. இரும்புக் கம்பியைக் குழலின் வாய் வழியாக விட்டுக் குத்திக் குத்தி எடுக்கிறார்கள். அந்த வாயின் விளிம்புதான் குண்டைக் கடைசியாகத் தொட்டு அனுப்பும் இடம். கம்பி உரசி உரசி அந்த விளிம்பு தேய்ந்த துப்பாக்கிகள் கணக்கிலடங்கா. எதிரி கெடுத்ததைவிடத் துடைத்துக் கெடுத்ததே அதிகமோ என்று எனக்குத் தோன்றும்.

திருகாணிக்கு வருகிறேன். சந்தையில் பழைய துப்பாக்கியைப் பார்த்தால் முதலில் நான் பார்க்கச் சொல்வது திருகாணித் தலைகளைத்தான். காது பிய்ந்த மாதிரி இருந்தால் முன்னால் வைத்திருந்தவன் அவசரக்காரன். திருப்புளியின் நுனி காடிக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் நுனியை அரத்தில் தீட்டி அளவாக்க வேண்டும். சிக்கிக்கொண்ட திருகாணிக்கு மண்ணெண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருந்தால் நஷ்டமில்லை. நூறு வருஷம் காத்திருந்தது, இன்னும் ஏழு நாள் காத்திருக்காதா?

கட்டை அக்ரூட் மரம், பிரெஞ்சில் நுவாயே. அதற்கு ஆளிவிதை எண்ணெய்தான் உணவு. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, கை சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். கெட்டியாகப் பூசினால் பிசுபிசுத்து ஈ ஒட்டும். வார்னிஷ் என்ற பேச்சே வேண்டாம். இங்கே ஒரு எச்சரிக்கை, இதை யாரும் படத்தில் சொல்வதில்லை: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். கட்டையில் விரிசல் இருந்தால் பழைய ஆசாரிகள் போல வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டலாம். நாளைக்கு வேறொருவர் இன்னும் நன்றாகச் செய்ய நினைத்தால் சுடுநீர் காட்டிப் பிரித்துவிடலாம். எபாக்சி போட்டால் பிறகு மரம்தான் பிளக்கும், பசை பிளக்காது. மாற்ற முடியாததைச் செய்யாதே என்பதுதான் இதில் சாரம். குறுக்கே கோடு போட்டு ஓரத்தில் சுருக்கொப்பம்.

பிரெஞ்சில் மூன்று வினைச்சொல் உண்டு: அந்த்ரத்தெனீர், ரெப்பாரே, ரெஸ்தோரே. பராமரிப்பது, பழுதுபார்ப்பது, பழைய நிலைக்குக் கொண்டுவருவது. படையில் சொல்தாவுக்கு அனுமதி இருந்தது முதலாவதற்கு மட்டும். இரண்டாவது ஆயுதக் கம்மியரின் வேலை. மூன்றாவதை எந்தப் படையும் செய்ததில்லை. அது வேலையற்ற பிற்காலத்தவர் கண்டுபிடிப்பு. வீட்டில் செய்யத்தக்கது முதலாவது மட்டுமே என்பேன். போல்ட் சரியில்லை என்று இன்னொரு துப்பாக்கியின் போல்ட்டை வாங்கி மாட்டுகிறார்கள். பார்க்கப் பொருந்தும். சுட்டால் பின்னால் திறந்துகொண்டு முகத்துக்கு வரலாம்.

"ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா மாமா?" என்று அவனும் கேட்டான். எல்லோரும் கேட்பார்கள். லெபெலில் பல துப்பாக்கிகளுக்குப் பிற்காலத்தில், 1932-ஆம் வருஷத்துப் புதுத் தோட்டாவுக்காக, தோட்டா உட்காரும் அறையைக் கொஞ்சம் பெரிதாக்கி 'என்' என்று எழுத்துக் குத்தினார்கள். குத்தாததில் அந்தத் தோட்டாவைப் போட்டால் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். அந்த எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள்! இன்னொரு விஷயம்: லெபெலில் பாதுகாப்புத் தாழ் கிடையாது. தோட்டா இருக்கும் இடம் முன்கட்டைக்குள் ஒளிந்த ஒரு குழாய். அங்கே எட்டு, தூக்கியில் ஒன்று, அறையில் ஒன்று என்று பத்து வரை இருக்கலாம். போல்ட்டைத் திறந்து ஒன்றைத் தட்டிவிட்டுக் காலி என்று நம்பக் கூடாது. எண்ணெய்ப் புட்டியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். தெரியாவிட்டால் தெரிந்தவனிடம் கொண்டுபோ என்றேன். போனான். காலிதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம்மூரில் யாரும் பித்தளைத் துண்டைத் தேட வேண்டாம். பிரான்சுச் சட்டம் வேறு, 1959-ஆம் வருஷத்து நம் ஆயுதச் சட்டம் வேறு. இங்கே உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம்; உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் தனியாக ஒரு குற்றம். பழம்பொருளுக்கு விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் அது பழுதுபார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சுடும், சுடாது என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்களும் அல்ல, நானும் அல்ல. நம்மூர்ப் பழைய வீடுகளில், குறிப்பாகச் சொல்தா வீடுகளில், பரணில் தலைமுறையாக என்னென்னவோ கிடக்கிறது. கோணிக்குள் நீளமாக ஏதாவது தட்டுப்பட்டால் பிரிக்காதீர்கள், துடைக்காதீர்கள், எண்ணெய் கூடப் போடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து, அவர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோளில் சாய்த்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நீங்களே நடந்து போய்விடாதீர்கள். கொடுத்ததும் எண்ணைக் குறிப்பிட்டு ரசீது எழுதி வாங்குங்கள். தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.